விலங்குகளை வகைப்படுத்தப் பழக்குதல்: ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் தரம் 2 முதல் 5 வரையுள்ள பிள்ளைகளுக்குச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் கற்பிப்போருக்காகவும், வீட்டில் பிள்ளைகளோடு இருந்து படிப்பிக்கும் பெற்றோருக்காகவும் எழுதப்பட்டது. இதில் சொல்லப்படும் பொருட்களில் பெரும்பாலானவை வளவிலும் மீன் சந்தையிலும் கிடைப்பவை.

முலையூட்டி, பறவை, ஊர்வன, ஈரூடகவாழி, மீன் என்ற ஐந்து பெயர்களையும் முதலிலேயே பாடமாக்க வைத்தால் என்ன?

பிள்ளை பாடமாக்கிவிடும். சிக்கல் அடுத்த நாள் வரும். வௌவாலைக் காட்டினால் “பறவை” என்றும், கடலாமையைக் காட்டினால் “மீன்” என்றும் சொல்லும். பெயர் தெரிந்தாலும் அந்தப் பெயருக்குள் ஒரு விலங்கைச் சேர்க்க எதைப் பார்க்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. வகைப்படுத்தல் என்பது ஒரு கேள்வியைத் தெரிவுசெய்து, எல்லா விலங்குகளிடமும் அதே கேள்வியைக் கேட்டு, வந்த விடையின்படி பிரிப்பது. அந்தப் பழக்கம் வந்தபின் பெயரைக் கொடுத்தால் அது தானாகவே பொருந்தி நிற்கும்.

தரம் 2இல் கால், இறகு, உரோமம், ஓடு என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பிரித்தால் போதும். தரம் 3இலும் 4இலும் முள்ளந்தண்டுக்கும் ஐந்து பெரும் கூட்டங்களுக்கும் வரலாம். தரம் 5இல் பிள்ளை தானே கேள்விகளை அமைத்துச் சுட்டி, அதாவது ஆம், இல்லை என்ற விடைகளால் விலங்கைக் கண்டுபிடிக்க உதவும் கேள்விப் பட்டியல், எழுத வேண்டும்.

முதல் பாடத்தை எப்படி நடத்துவது?

விலங்குகளோடு தொடங்க வேண்டாம். ஐந்து பிள்ளைகள் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கிண்ணத்தில் தெறிகள், புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, சோகி, ஊரி எல்லாமாக இருபது பொருட்கள் கொடுங்கள். “இரண்டு கூட்டமாகப் பிரியுங்கோ. ஆனால் ஏன் அப்படிப் பிரிச்சனீங்கள் எண்டு ஒரு வசனத்தில் சொல்ல வேணும்” என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு குழு நிறத்தை எடுக்கும், ஒரு குழு ஓட்டை உள்ளது, இல்லாதது என்று பிரிக்கும். பிறகு எல்லாவற்றையும் கலந்து, வேறொரு காரணத்தால் மறுபடி பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே பொருட்களைப் பல விதமாகப் பிரிக்கலாம் என்று கை அறிந்துகொள்வதுதான் அன்றைய பாடம்.

இங்கே வழக்கமாக வரும் பிழை ஒன்று உண்டு. பிள்ளை பாதி வழியில் காரணத்தை மாற்றிவிடும்: “சிவப்பு ஒரு பக்கம், பெரிசு மற்றப் பக்கம்.” சிவப்பாகவும் பெரிதாகவும் இருக்கும் தெறி ஒன்றை எடுத்து, “இது எங்கே போகும்?” என்று கேளுங்கள். விளக்கத்தைவிட அந்தத் தெறி நன்றாகப் படிப்பிக்கும்.

படமட்டைகள் எத்தனை வேண்டும்? எந்த விலங்குகள்?

ஒரு குழுவுக்கு 24 மட்டைகள், ஒவ்வொன்றும் 10 × 15 சென்ரிமீற்றர். முலையூட்டிக்குப் பசு, அணில், வௌவால், கடற்பசு. பறவைக்குக் காகம், செண்பகம், கொக்கு, கோழி. ஊர்வனவுக்குப் பல்லி, ஓணான், நாகம், ஆமை. ஈரூடகவாழிக்குத் தவளை, தேரை. மீனுக்குப் பாரை, திருக்கை, சுறா, கடற்குதிரை. முள்ளந்தண்டில்லாதவற்றுக்கு எறும்பு, வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, நண்டு, நத்தை, கடலட்டை.

சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் வேண்டாமா என்று கேட்பார்கள். படத்தில் மட்டும் கண்ட விலங்கைப் பற்றிப் பிள்ளைக்குச் சொந்தமாகச் சொல்ல எதுவும் இல்லை. செண்பகத்தின் செந்நிறச் சிறகையும் மதிலில் ஓணான் தலையாட்டுவதையும் அது தானே கண்டிருக்கிறது.

பெயரை மட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். முன்னே எழுதினால் பிள்ளை படத்தைப் பார்க்காது, “கடற்குதிரை” என்பதை வாசித்துக் குதிரையோடு வைத்துவிடும். கால்கள் எல்லாம் தெரியும் படமே வேண்டும். எறும்பும் பசுவும் மட்டையில் ஒரே அளவாகத் தெரியும் என்பதால் உண்மையான நீளத்தையும் பின்பக்கம் குறித்து வையுங்கள்.

கயிற்று வட்டம் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

மூன்று மீற்றர் கயிற்றை முடிந்தால் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் வரும். விறாந்தையில் இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று பாதி படும்படி போடுங்கள். ஒன்றுக்கு “பறக்கும்”, மற்றதற்கு “முட்டையிடும்” என்று வெண்கட்டியால் எழுதுங்கள். காகம் நடுவில், வௌவால் பறக்கும் வட்டத்தில் மட்டும், பல்லி முட்டை வட்டத்தில் மட்டும், அணில் இரண்டுக்கும் வெளியே. வெளியே வைப்பதைப் பிள்ளைகள் தோல்வியாக நினைத்து, எப்படியாவது உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். வெளியே இருப்பதும் ஒரு சரியான இடம் என்று முதல் மட்டையிலேயே நீங்கள் வைத்துக் காட்டுங்கள்.

மீன் சந்தையில் வாங்கியவற்றைக் கொண்டு பாடம் நடத்தலாமா?

கட்டாயம் நடத்துங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. குருநகர், பாசையூர் பக்கம் காலையில் வாங்கக்கூடியவை போதும்: இரண்டு சூடை மீன், நான்கு இறால் தலையோடு, ஒரு நண்டு, ஒரு கணவாய். ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவந்து முதலாம், இரண்டாம் பாடவேளைக்குள் முடித்துவிடுங்கள். இறால், நண்டு ஒவ்வாத பிள்ளைகள் இருப்பார்கள். முதல் நாளே பெற்றோரிடம் கேட்டு, அந்தப் பிள்ளைகளைத் தொடவிடாமல் பதிவெழுதும் வேலையில் இருத்துங்கள். நண்டு செத்ததாக இருக்கட்டும், இடுக்கிகளைக் கட்டியும் வையுங்கள். இறாலின் தலையில் உள்ள முள் குத்தும்.

நான்கையும் நான்கு தட்டில் வைத்து, “கால் எத்தனை?” என்று கேளுங்கள். நண்டில் சில பிள்ளைகள் எட்டு என்பார்கள், இடுக்கியை விட்டுவிட்டு. இடுக்கிகளும் கால்களே, சேர்த்தால் பத்து. நீலக்கால் நண்டின் கடைசிச் சோடி துடுப்புப்போலத் தட்டையாக இருக்கும், அதையும் எண்ண வேண்டும். இறாலில் குழப்பம் இன்னும் கூட. சிலர் பத்து என்பார்கள், சிலர் இருபது என்பார்கள். இருவரும் கண்டது உண்மை: முன்னுடலின் கீழே நடக்கும் கால்கள் ஐந்து சோடி, வாற்பகுதியின் கீழே நீந்தும் கால்கள் ஐந்து சோடி. ஊசியால் ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினால் வகுப்பு அமைதியாகிவிடும். நண்டையும் இறாலையும் ஒரே கூட்டத்தில் வைப்பதற்கு அந்த ஐந்து சோடி நடக்கும் கால்களே காரணம் என்று அப்போது சொல்லுங்கள்.

கணவாயில் எட்டுக் கைகளும் இரண்டு நீண்ட பற்றுக்கைகளும் உண்டு. பற்றுக்கைகள் உள்ளே சுருண்டிருந்தால் எட்டுத்தான் தெரியும், மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓட்டுக் கணவாயின் உள்ளிருக்கும் வெள்ளை ஓட்டை, கடற்கரையில் ஒதுங்குவதை, பிள்ளைகள் முள்ளந்தண்டு என்று அடித்துச் சொல்வார்கள். சூடை மீனின் முள்ளைப் பக்கத்தில் வையுங்கள். மீன் முள் சிறு சிறு துண்டுகள் கோத்த வரிசை. கணவாய் ஓடு ஒரே துண்டு. நத்தையின் ஓட்டுக்கு உறவான அது முள்ளந்தண்டு அல்ல.

முடிந்ததும் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

முள்ளந்தண்டைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

முதலில் தன்னுடையதையே தொடட்டும். குனிந்து நின்று, கழுத்தின் பின்புறமிருந்து கீழே விரலால் தடவினால் ஒவ்வொரு எலும்பும் தட்டுப்படும். பிறகு வீட்டில் சாப்பிட்ட மீனின் நடுமுள்ளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சதை ஒட்டியிருந்தால் எறும்பும் மணமும் வரும். வெந்நீரில் அவித்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் போத்தலில் வைத்தால் ஆண்டு முழுக்கப் பயன்படும்.

பாம்புக்கு எலும்பே இல்லை என்று நம்பும் பிள்ளைகள் பலர். வளைவதால் அப்படி நினைக்கிறார்கள். பாம்புக்கு முள்ளெலும்புகள் நூற்றுக்கணக்கில் உண்டு, அதனால்தான் இவ்வளவு வளைகிறது. ஆமையின் ஓட்டை வீடு என்று நினைத்து, அதைவிட்டு வெளியே வரும் என்பார்கள். ஓடு அதன் முள்ளந்தண்டோடும் விலா எலும்போடும் ஒட்டியது. கழற்ற முடியாது.

“குட்டி போட்டால் முலையூட்டி, முட்டையிட்டால் பறவை” என்று சொல்லிக் கொடுக்கலாமா?

வேண்டாம். சுருக்கமாக இருப்பதால் பரவியிருக்கும் சூத்திரம் இது, பிழையானது. கண்ணாடி விரியன், நம் ஆட்கள் புடையன் என்பது, குட்டி ஈனும். சுறாக்களில் பல குட்டி ஈனும். பல்லி, தவளை, மீன், வண்ணத்துப்பூச்சி எல்லாம் முட்டையிடும். தொலைக்காட்சியில் பிளற்றிப்பஸைக் கண்ட பிள்ளை, முட்டையிட்டுப் பாலூட்டும் விலங்கும் உண்டு என்று உங்களிடமே சொல்லும்.

இவற்றைப் பயன்படுத்துங்கள். முலையூட்டி: உரோமம் உண்டு, குஞ்சுக்கோ குட்டிக்கோ பால் கொடுக்கும். பறவை: இறகு உண்டு. இறகுள்ள விலங்கு இன்று பறவை மட்டுமே என்பதால் இந்த ஒரு கேள்வியே போதும். ஊர்வன: உலர்ந்த செதில் தோல், நுரையீரலால் சுவாசிக்கும். ஈரூடகவாழி: ஈரமான, செதிலற்ற தோல், இளமையில் பெரும்பாலும் நீரில் வளரும். மீன்: பூக்களால் (செவுள்களால்) சுவாசிக்கும், செட்டை உண்டு.

செதில் மீனுக்கும் பாம்புக்கும் பொதுவென்பதால் குழப்பம் வரும். மீனின் செதிலைக் கத்தியால் சுரண்டித் தனித்தனியே எடுக்கலாம். பாம்பின் செதில் தோலின் மடிப்பு. பனையோலை வேலியில் கிடக்கும் பாம்புச் சட்டையைப் பார்த்தால் முழுவதும் ஒரே துண்டாக இருக்கும்.

“குளிர் இரத்தம்” என்ற சொல்லை ஆரம்பப் பிரிவில் தவிர்ப்பது நல்லது. பங்குனி வெயிலில் மதிலில் கிடந்த ஓணானின் உடல் சூடாகவே இருக்கும், பிள்ளை அதைக் கேட்டால் சொல் உடைந்துவிடும்.

வௌவாலையும் திமிங்கிலத்தையும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் பிழையாகப் பிரிக்கிறார்கள். என்ன செய்வது?

விடையைச் சொல்லாமல் சான்றைக் காட்டுங்கள். வௌவாலின் படத்தைப் பெரிதாக்கினால் முகத்தில் உரோமமும் காதும் தெரியும். சிறகில் இறகு ஒன்றுகூட இல்லை. நீண்ட விரல்களுக்கிடையே இழுத்த தோல்தான். பிள்ளை தன் விரல்களை விரித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

திமிங்கிலம், கடற்பசு, ஓங்கில் மூன்றுக்கும் வாலைப் பாருங்கள். மீனின் வால் செங்குத்தாக நின்று இடம் வலமாக அசையும். இவற்றின் வால் கிடையாகக் கிடந்து மேல் கீழாக அடிக்கும். மூச்செடுக்க மேலே வரவும் வேண்டும். பிழைவிட்ட பிள்ளைக்கு இதையும் சொல்லுங்கள்: உயிரினங்களை முறைப்படி பிரித்த சுவீடன் நாட்டு லின்னேயஸே 1735இல் திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்தார். 1758இல் அதை முலையூட்டிகளுக்கு மாற்றினார். சான்று வந்தால் இடத்தை மாற்றலாம்.

பூச்சி எது, பூச்சி அல்லாதது எது?

ஆறு கால், மூன்று பகுதியாக உடல், ஒரு சோடி உணர்கொம்பு. மூன்றையும் பார்க்க வேண்டும். சிலந்திக்கு எட்டுக் கால், உடல் இரண்டு பகுதி, உணர்கொம்பு இல்லை. முதல் மழையோடு மண்ணில் ஊரும் சிவந்த தம்பளப்பூச்சியைப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். கைவில்லையால் எண்ணினால் எட்டுக் கால் வரும். சிலந்தியின் உறவு அது. மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடிக் கால்கள், மட்டத்தேளுக்கு வளையத்துக்கு ஒரு சோடி. மட்டத்தேளைப் படத்தில் மட்டும் காட்டுங்கள், அது கடிக்கும்.

சிறகை முதற் கேள்வியாக வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் விளக்கைச் சுற்றும் ஈசல் விடியும்போது சிறகைக் கழற்றிவிடும், ஆறு கால் அப்படியே இருக்கும். எறும்பிலும் சிறகுள்ளதும் இல்லாததும் உண்டு.

மயிர்க்கொட்டியைப் புழுவோடு வைத்துவிடுகிறார்கள். வாற்பேத்தையை மீன் என்கிறார்கள்.

அந்த வயதில் அது நியாயமான முடிவு. மாறுவதைக் காணாதவரை வேறு முடிவுக்கு வர வழியில்லை. எருக்கலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியுள்ள புழு கிடைக்கும். தேசி இலையில் கிடைப்பது சின்ன வயதில் பறவை எச்சம்போலத் தெரியும். இலையோடு ஒன்றை எடுத்து அகன்ற வாய்ப் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். அதே செடியின் புதிய இலையைத் தினமும் மாற்ற வேண்டும். வேறு இலை கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும். நீர் தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கும். கூட்டுப்புழு தொங்குவதற்கு ஒரு குச்சி சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் வெளிவரும் வண்ணத்துப்பூச்சி சிறகை விரிக்க இடமின்றி முடமாகும். சிறகு காய்ந்ததும் விட்டுவிடுங்கள். மயிருள்ளவற்றைத் தொட்டால் தோல் சொறியும், வகுப்புக்கு மயிரற்றவற்றையே எடுங்கள்.

வாற்பேத்தையை மழைக்காலத்தில் குளத்து ஓரத்திலேயே பாருங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் போத்தலில் அது தாங்காது.

தரம் 5 பிள்ளை தானே சுட்டி எழுதுவது எப்படி?

எட்டு விலங்குகள் கொடுங்கள்: வண்ணத்துப்பூச்சி, நண்டு, சிலந்தி, காகம், வௌவால், பாரை, பல்லி, தவளை. ஆம், இல்லை என்று மட்டும் விடை வரும் கேள்விகள்.

1. நான்குக்கு மேல் கால் உண்டா? ஆம் எனில் 2, இல்லை எனில் 4.
2. கால் ஆறு மட்டுமா? ஆம் எனில் வண்ணத்துப்பூச்சி, இல்லை எனில் 3.
3. இடுக்கி உண்டா? ஆம் எனில் நண்டு, இல்லை எனில் சிலந்தி.
4. இறகு உண்டா? ஆம் எனில் காகம், இல்லை எனில் 5.
5. உரோமம் உண்டா? ஆம் எனில் வௌவால், இல்லை எனில் 6.
6. செட்டை உண்டா? ஆம் எனில் பாரை, இல்லை எனில் 7.
7. தோலில் செதில் உண்டா? ஆம் எனில் பல்லி, இல்லை எனில் தவளை.

எட்டு விலங்குக்கு எப்போதும் ஏழு கேள்வி. விலங்கின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. இதை வைத்து எந்தப் பிள்ளையின் சுட்டியையும் உடனே சோதிக்கலாம். கேள்வி கூடியிருந்தால் ஏதோ ஒன்று எதையும் பிரிக்கவில்லை. குறைந்திருந்தால் எங்கோ இரண்டு விலங்குகள் பிரியாமல் சேர்ந்தே நிற்கின்றன.

“பெரிசா?”, “வடிவா?” போன்ற கேள்விகளை அடித்துவிடச் சொல்லுங்கள். எதைவிடப் பெரிது என்று இல்லாமல் இருவர் ஒரே விடைக்கு வரமாட்டார்கள். எழுதிய சுட்டியை அடுத்த குழுவிடம் கொடுத்து, ஒரு மட்டையை மறைத்து வைத்துக் கண்டுபிடிக்க விடுங்கள். எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. பிழை இருந்தால் அங்கே வெளிவரும்.

வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்று பிரிப்பது சரியா?

பிரிக்கலாம். ஆனால் அது மனிதரோடுள்ள உறவைப் பற்றியது, உடலைப் பற்றியது அல்ல. நெடுந்தீவுக் குதிரைகளைக் கேட்டுப் பாருங்கள். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை இன்று கட்டுவாரின்றி மேய்கின்றன. எங்கே வைப்பது என்று பிள்ளைகள் வாதிடட்டும், இரு பக்கமும் நியாயம் உண்டு. உணவால் பிரிக்கும்போது காகத்தையும் கோழியையும் அனைத்துமுண்ணியில் வைக்க மறக்காதீர்கள்.

மனிதரும் விலங்கா என்று பிள்ளை கேட்டால்?

அதே கேள்விகளைத் தன்னிடமே கேட்கச் சொல்லுங்கள். முள்ளந்தண்டு உண்டா, உரோமம் உண்டா, அம்மா பால் தந்தாவா? விடை தானே வரும். “மிருகம்” என்று திட்டுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது முதலில் உறுத்தும். இது உடலமைப்பைப் பற்றிய கேள்வி மட்டுமே, யாரையும் தாழ்த்துவது அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சையில் “பொருந்தாததைத் தெரிவுசெய்க” வந்தால்?

காகம், வௌவால், மைனா, கொக்கு. எதிர்பார்க்கும் விடை வௌவால். ஆனால் “கொக்கு, அதுதான் தண்ணிக்குள்ள நிண்டு மீன் பிடிக்கும்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவும் காரணமுள்ள விடை. பயிற்சியின்போது காரணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு, மற்ற மூன்றுக்கும் உடலில் பொதுவாக இருப்பது எது என்று தேடும் பழக்கத்தைக் கொடுங்கள்.

உயிருள்ளவற்றைப் பிடித்து வரச் சொல்லலாமா?

பாம்பு, தேள், மட்டத்தேள், குளவி எதுவும் கூடாது. நத்தையை வெறுங்கையால் தொடவிட வேண்டாம், ஒட்டுண்ணிகள் இருக்கலாம். கடலாமை, நட்சத்திர ஆமை போன்றவற்றுக்குத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். விளக்கின் கீழ் செத்துக் கிடக்கும் பூச்சிகள், உதிர்ந்த இறகுகள், வெற்றுச் சோகிகள் தாராளமாகப் போதும்.

பார்வை குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால்?

மட்டைக்குப் பதிலாக இறகு, ஆட்டு மயிர், காய்ந்த மீன் செதில், நண்டு ஓடு, சோகி. கையால் தொட்டுப் பிரிக்கட்டும். மற்றப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் எல்லோருக்குமே நல்ல பாடம்.

பிள்ளைக்கு விளங்கிவிட்டதா என்று எப்படி அறிவது?

படிப்பிக்காத விலங்கொன்றின் படத்தைக் கொடுங்கள். கீரி, அரணை, உடும்பு எதுவாகவும் இருக்கலாம். பெயரைச் சொல்லாமல், “இது எந்தக் கூட்டம்? எதைப் பார்த்துச் சொல்றாய்?” என்று கேளுங்கள். கூட்டத்தைச் சரியாகச் சொல்லிச் சான்று சொல்லாவிட்டால் ஊகம். சான்றைச் சரியாகச் சொல்லிக் கூட்டத்தின் பெயர் தவறினால் பெரும்பகுதி விளங்கிவிட்டது, பெயரை ஒருமுறை நினைவூட்டினால் போதும். “இன்னும் எதைப் பார்த்தால் உறுதியாகத் தெரியும்?” என்று பிள்ளை உங்களிடம் திருப்பிக் கேட்டால், அதற்கே கூடுதல் புள்ளி போடுங்கள்.